அச்சகத்தாரின் வலப்பக்கம்

என் அத்தை, தான் மேடையில் காதலித்த மனிதரோடு பத்தாண்டுகளுக்கும் மேலாக ஒரு வார்த்தை பேசாமல் இருந்தவர். வாரக் கடைசிகளில் ஒரே மேடையில், கையெட்டும் தூரத்தில் நின்றபடி, உன்னைப் பிரிந்தால் உயிர் தரிக்க மாட்டேன் என்று இருவரும் உருகிப் பாடுவார்கள். கைதட்டல் அடங்கியதும் அவர் இடப்புறப் படி வழியாகவும் இவர் வலப்புறப் படி வழியாகவும் இறங்கிப் போவார்கள். ரசிகர்களில் எவருக்கும் இது தெரியாது. குழுவினருக்குத் தெரியும், பழகிவிட்டதால் அவர்களும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

இந்தக் குறிப்பை எழுதுவதற்காக அத்தையிடமும், மாமாவிடமும், குழுவை நடத்தும் மாஸ்டரிடமும் தனித்தனியே கேட்டேன். கிடைத்த ஒலிப்பதிவுகளையும் ஆண்டு வரிசையில் கேட்டேன். மூவர் சொன்னதும் பெரும்பாலும் ஒத்துப்போகிறது. ஒத்துப்போகாத இடங்களில் அத்தை சொன்னதையே எடுத்துக்கொண்டிருக்கிறேன். அவர் தன்னைப் பற்றிக் குறைத்துச் சொல்லும் பழக்கம் உடையவர் என்பதால், அதில் மிகைக்கு இடமில்லை.

அத்தைக்குப் பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கடையின் முன்பகுதியில் பிரேம்கள் அடுக்கிய அலமாரியும், பெரிய எழுத்தில் தொடங்கிப் பொடி எழுத்தில் முடியும் கண் பரிசோதனை அட்டையும் இருக்கும். திரைக்குப் பின்னால் ஒரு சிறிய பட்டறை. லென்ஸின் விளிம்பை பிரேமின் அளவுக்குத் தேய்ப்பது, பொருத்துவது, அரிசி அளவுகூட இல்லாத திருகாணியை முடுக்குவது, காதில் மாட்டும் கம்பியைச் சூடுகாட்டி வளைப்பது என எல்லாம் அங்கேதான் நடக்கும். தேய்க்கும் சக்கரம் ஓடும்போது சீரான ரீங்காரம் ஒன்று எழும். இளவயதில் அத்தை அந்த ரீங்காரத்தையே சுருதியாக வைத்துக்கொண்டு, வேலை செய்தபடி பாடுவார். முறையாகக் கற்றவர் அல்லர். சக்கரம் நின்றால் பாட்டும் நின்றுவிடும்.

கிட்டப் பார்வைக்குக் கண்ணாடி வாங்க வந்த மாஸ்டர் ஒருநாள் திரைக்கு இப்பால் நின்று அதைக் கேட்டிருக்கிறார்.

"உள்ள யாரு பாடறது?" என்று கடைக்காரரைக் கேட்டார்.

பெண் வேலையை விட்டுப் போய்விடுவாளோ என்ற பயம் கடைக்காரருக்கு. "ரேடியோ சார்" என்றார்.

அந்த நேரம் பார்த்து, தேய்த்த தூள் மூக்கில் ஏறி, அத்தை பலமாகத் தும்மினார்.

"உங்க ரேடியோவுக்கு ஜலதோஷம் பிடிச்சிருக்கு. கொஞ்சம் வெளிய வரச் சொல்லுங்க" என்றார் மாஸ்டர்.

இப்படித்தான் அத்தை மேடைக்கு வந்தார். கடை வேலையையும் விடவில்லை. இன்றுவரை அதே பட்டறையில்தான் இருக்கிறார்.

குழுவில் ஆண்குரல் பாட ஏற்கெனவே ஒருவர் இருந்தார். அச்சகத்தில் இயந்திரம் ஓட்டுபவர் என்பதால் எல்லோரும் அவரை அச்சகத்தார் என்றே அழைத்தார்கள். அகன்ற மார்பு, அடர்ந்த மீசை, தொலைவிலிருந்தே அடையாளம் தெரியும் சிரிப்பு. அச்சு இயந்திரத்தின் சீரான ஓட்டத்தோடு நாள் முழுதும் நின்றதாலோ என்னவோ, தாளம் அவர் உடம்பிலேயே ஊறியிருந்தது. தபேலாக்காரர் தடுமாறினாலும் அவர் தடுமாற மாட்டார். அத்தை அவரை 'அண்ணா' என்றார். அவர் அத்தையைத் 'தங்கச்சி' என்றார். இந்த உறவுமுறை மாமாவுக்குப் பெரிய விருந்தாகிவிட்டது.

"உலகத்துல எவனுக்கும் இந்தக் கொடுமை கிடையாது. என் மச்சான் மேடையேறி என் பொண்டாட்டியைக் காதலிக்கிறாரு. நான் முதல் வரிசையில உக்காந்து கை தட்டறேன்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

டூயட் என்றால் இரண்டு பேர் மாறி மாறிப் பாடுவது என்றுதான் நாம் நினைக்கிறோம். அத்தை அதை மறுக்கிறார். ஒருவர் பாடும்போது மற்றவர் கேட்பதுதான் டூயட் என்பது அவர் கட்சி. தன் வரி முடியும் இடத்தில் அத்தை ஒரு சிறு மூச்சை, மைக்கில் விழாமல், பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்கும்படி இழுப்பார். 'இனி உங்கள் முறை' என்பதற்கான சாடை அது. அச்சகத்தாரும் தன் வரியின் முடிவில் அப்படியே செய்வார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பாடப் பாட இருவருக்குள்ளும் அமைந்த ஏற்பாடு. அதனால்தான் அவர்களுடைய பாட்டில் ஒரு குரல் முடிவதும் மறுகுரல் தொடங்குவதும் ஒரே நூலாக இருக்கும். அந்நாளைய பதிவுகளில் அந்த இணைப்பைத் தேடிப் பார்த்தேன், கண்டுபிடிக்க முடியவில்லை.

பேச்சு நின்ற கதைக்கு வருகிறேன்.

ஒரு பெரிய நிறுவனத்தின் ஆண்டு விழா. அரங்கம் நிறைந்திருந்தது. பாட்டின் இரண்டாம் சரணத்தில் ஆண் முதலில் தொடங்க வேண்டும். அச்சகத்தார் எதையோ நினைத்துக்கொண்டு, அதற்கடுத்துப் பெண் பாட வேண்டிய வரியை எடுத்துவிட்டார். நாணத்தில் என் முகம் சிவந்து போனதே என்பது அதன் பொருள். அந்த மீசைக்கும் மார்புக்கும் அந்த வரி எப்படி இருந்திருக்கும் என்பதைப் படிப்பவர்களே ஊகித்துக்கொள்ளலாம். முன்வரிசையில் சிரிப்பு கிளம்புவதற்குள் அத்தை சட்டென்று ஆணின் வரியை எடுத்தார். பெண்ணின் அழகை வியக்கும் வரியை, மீசைக்காரரைப் பார்த்தபடி, சுருதி பிசகாமல் பாடினார். சரணம் முழுதும் அப்படியே மாற்றிப் பாடி முடித்தார்கள். வேண்டுமென்றே செய்த வேடிக்கை என்று நினைத்து அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

தொகுப்பாளர் மைக்கை நீட்டி, "இந்த யோசனை யாரோடது?" என்று கேட்டார்.

"ஒரு மாறுதலுக்காக நான்தான் யோசிச்சேன். தங்கச்சிக்கு வருமான்னு பயந்தேன். பரவால்ல, சமாளிச்சிட்டாங்க" என்றார் அச்சகத்தார்.

அத்தைக்கு அந்தக் கடைசி இரண்டு சொல் நெருப்பாகப் பட்டது. தப்பு நடந்ததற்காகக் கோபமில்லை. பாடுகிற எவருக்கும் நடக்கக்கூடியதுதான். காப்பாற்றியவரைப் பார்த்துக் கரையேறியவர் 'நீந்தத் தெரியுமோ என்று பயந்தேன்' என்று சொன்னால் எப்படி இருக்கும்? அன்று மேடையை விட்டு இறங்கும்போது 'அண்ணா' என்ற சொல்லை அங்கேயே வைத்துவிட்டு வந்தார். அச்சகத்தாருக்குத் தான் செய்தது தெரியாமல் இல்லை. ஆனால் மன்னிப்புக் கேட்க மீசை இடம் கொடுக்கவில்லை. ஒரு வாரம் தள்ளிப்போட்டார். வாரம் மாதமாகி, மாதம் ஆண்டாகி, பின்னர் கேட்பதே கூச்சமாகிவிட்டது.

டயர் கடைக்கு மேலே இருக்கும் ஒத்திகை அறையில் அதற்குப் பிறகு எல்லாப் பேச்சும் மாஸ்டர் வழியாகவே நடந்தது.

"மாஸ்டர், இந்தப் பாட்டை அரைக் கட்டை குறைச்சு எடுக்கச் சொல்லுங்க. மேல போகும்போது எனக்குத் தொண்டை இழுக்குது" என்பார் அத்தை, அச்சகத்தாருக்குப் பக்கத்தில் நின்றபடி.

"குறைச்சா நான் கீழ பாதாளத்துல பாடணும்னு சொல்லிடுங்க மாஸ்டர்" என்பார் அவர்.

மாஸ்டர் கீபோர்டில் தலையைக் கவிழ்த்துக்கொள்வார். "நான் மியூசிக் வாசிக்க வந்தேனா, உங்க ரெண்டு பேருக்கும் தபால் குடுக்க வந்தேனா?"

மாமா மட்டும் எதையும் கண்டுகொள்ளவில்லை. "நீ பேசலன்னா அது உன் இஷ்டம். எனக்கு மச்சான் மச்சான்தான்" என்று சொல்லிவிட்டு, இடைவேளையில் அச்சகத்தாரோடு டீ குடிக்கப் போய்விடுவார்.

பேச்சு நின்றதே தவிர, மூச்சு நிற்கவில்லை. அத்தை அந்தச் சாடையை ஒருநாளும் தவறவிட்டதில்லை. அச்சகத்தாரும் தவறவிட்டதில்லை. பேசாத அந்த ஆண்டுகளின் பதிவுகள் முந்தைய பதிவுகளைவிட ஒரு படி மேலானவை என்பது என் கருத்து. மற்ற எல்லா வழியும் அடைபட்டதால், இருவரும் ஒருவரையொருவர் மேடையில்தான் கவனித்திருக்கிறார்கள்.

பிறகு ஒரு மாற்றம் வந்தது. அச்சகத்தார் பாடும்போது அத்தையையே பார்க்கத் தொடங்கினார். அதுவரை கூட்டத்தைப் பார்த்துப் பாடியவர், இப்போது உடம்பையே திருப்பி, கண்ணிமைக்காமல் அத்தையின் முகத்தைப் பார்த்தார். ரசிகர்கள் கிறங்கிப் போனார்கள். 'என்ன உணர்ச்சி, என்ன ஈடுபாடு' என்று பாராட்டினார்கள். இளம் தம்பதிகள் மேடைக்கு வந்து, "சார், அந்தப் பார்வைக்காகவே வந்தோம்" என்று கை குலுக்கிவிட்டுப் போனார்கள்.

ஒரு நிகழ்ச்சி முடிந்து வீட்டுக்கு வந்த மாலை, மாமா செருப்பைக் கழற்றியபடியே ஆரம்பித்தார்.

"என்ன சமாசாரம்? என் மச்சான் உன்னை அப்படி முழுங்கற மாதிரி பார்க்கறாரு? பேசாமலே இத்தனை பாசமா?"

அத்தை சிரிக்கவில்லை. "நானும் கவனிச்சுட்டுத்தான் இருக்கேன். அது பாசம் இல்லைங்க. அவருக்குக் காது கேக்கல."

"போடி. தாளம் பிசகாம பாடறாரு."

"தாளம் காலுக்குத் தெரிஞ்சா போதும். நான் மூச்சு இழுக்கறது கேக்கணுமே. இப்ப எல்லாம் என் உதடு மூடற வரைக்கும் பார்த்துட்டு அப்புறம்தான் எடுக்கறாரு. அதான் ஒரு இழை லேட் ஆகுது."

மாமா நம்பவில்லை. அத்தை எப்படிக் கண்டுபிடித்தார் என்று நான் கேட்டபோது, கடையைத்தான் சொன்னார். பார்வை மங்கியதை ஒப்புக்கொள்ள மனமில்லாதவர்கள் வரிசையில் காத்திருக்கும்போதே, முன்னால் இருப்பவர் அட்டையைப் படிப்பதைக் கேட்டு மனப்பாடம் செய்துகொள்வார்களாம். தங்கள் முறை வந்ததும் கடகடவென்று ஒப்பிப்பார்கள். படிக்கிறவருக்கு எழுத்துக்கு எழுத்து நிதானம் மாறும், ஒப்பிக்கிறவருக்கு மாறாது. எதையோ மறைக்கிறவர்கள் தேவைக்கு மேல் சரியாக நடந்துகொள்வார்கள் என்பது பல ஆண்டு கவனிப்பு. அச்சகத்தாரின் பார்வையும் தேவைக்கு மேல் சரியாக இருந்தது.

எந்தக் காது என்பதும் அத்தைக்கு விளங்கிவிட்டது. அச்சகத்தில் இயந்திரம் எப்போதும் அவருடைய இடப்பக்கம். மேடையில் அத்தை நிற்பதும் இடப்பக்கம். வலப்பக்கம் நிற்கும் புல்லாங்குழல்காரர் முணுமுணுத்தால்கூட அவர் திரும்பிச் சிரிக்கிறார். தாளத்தைக் கொடுத்த இயந்திரமே ஒரு காதை எடுத்துக்கொண்டுவிட்டது.

மாஸ்டரும் அந்த ஓரிழைத் தாமதத்தைக் கவனித்திருந்தார். காரணம் அவருக்குத் தெரியவில்லை. வயது என்று நினைத்தார். நகரத்தின் பழைய கலையரங்கைப் புதுப்பித்துத் திறக்கும் விழாவுக்குக் குழுவை அழைத்திருந்த சமயம் அது. இதுவரை ஏறியதிலேயே பெரிய மேடை. ஒத்திகைக்கு அத்தை சற்று முன்னதாகப் போனபோது மாஸ்டர் பேச்சை எடுத்தார்.

"ஏம்மா, ஒரு யோசனை. இந்த ஒரு நிகழ்ச்சிக்குப் புது ஆண் குரல் பார்க்கலாம்னு இருக்கேன். நல்லா வந்தா அப்படியே வச்சுக்கலாம். உனக்கும் நிம்மதிதானே?"

ஒரு தலையசைப்புப் போதும். பத்தாண்டுக் கோபத்துக்கு அதைவிட வசதியான பழிவாங்கல் வாய்க்காது. அத்தை கைப்பையை மேசைமேல் வைத்தார்.

"ஆள் மாத்தறதா இருந்தா ரெண்டு பேரையும் சேர்த்து மாத்திடுங்க மாஸ்டர்."

"நீதான் அவன்கிட்ட பேசறதே இல்லையே!"

"பேசறது வேற, பாடறது வேற. என் பாட்டுல பாதி அவர்கிட்ட இருக்கு. அதை வேற ஒருத்தர்கிட்ட எப்படி வாங்கறது?"

மாஸ்டர் கீபோர்டின் உறையைக் கழற்றினார். "சரி. ஆனா அன்னிக்கு மேடையில ஒரு தடவை லேட்டா எடுத்தாலும், அதோட முடிஞ்சுது. என்னைக் கேக்கக் கூடாது" என்றார்.

அன்றைய ஒத்திகையில் அத்தை மைக் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு அச்சகத்தாரின் வலப்பக்கம் போய் நின்றார்.

"என்னம்மா புதுசா?" என்றார் மாஸ்டர்.

"அந்தப் பக்கம் வெளிச்சம் கண்ணைக் கூசுது மாஸ்டர்."

ஒத்திகை அறையில் இருந்ததோ மங்கிய ஒற்றைக் குழல்விளக்கு. தபேலாக்காரர் அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, கேட்காமல் விட்டுவிட்டார். அச்சகத்தார் முகம் சுளித்தார். "இத்தனை வருஷப் பழக்கத்தை மாத்தினா எப்படின்னு கேளுங்க மாஸ்டர்." அத்தை மைக்கின் உயரத்தைச் சரிசெய்தார். பாட்டு தொடங்கியது. அத்தை தன் வரியை முடித்து, மூச்சை இழுத்தார். அச்சகத்தார் அதே நொடியில் எடுத்தார். உதட்டைப் பார்க்கவில்லை. பாதி வரியில் அவர் குரல் லேசாக நடுங்கியதாக மாஸ்டர் சொல்கிறார். இவளுக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்கும் தெரிந்துவிட்டது. பாட்டு முடிந்ததும், குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார். மாஸ்டர் மட்டும் ஒன்றும் விளங்காமல், "இன்னிக்குத்தான்பா பழைய பாட்டா இருக்கு" என்று மகிழ்ந்துபோனார்.

விழா நாளன்று சிக்கல் வேறு உருவத்தில் வந்தது. புதுப்பித்த அரங்கைக் காட்ட வேண்டும் என்று ஏற்பாட்டாளர்கள் பாடகர்களுக்கு மேடையின் இரண்டு கோடியிலும் ஆளுயர மேடைகள் அமைத்திருந்தார்கள். இடையில் கருவிகள், மேலே விளக்கு. காதலர்கள் இரு கரைகளில் நிற்பது போன்ற தோற்றமாம். பெண்ணின் மேடை ஆணுக்கு இடப்பக்கக் கோடியில். ஒலி பார்த்தபோது வெறும் மைக்கைத் தட்டிப் பார்த்தார்களே தவிர, பாடிப் பார்க்க நேரம் தரவில்லை.

"எனக்கு இந்தப் பக்கம் வெளிச்சம் கூசும். இடத்தை மாத்திக் குடுங்க" என்று அத்தை விளக்குக்காரரிடம் கேட்டார்.

"லைட் எல்லாம் செட் பண்ணியாச்சு மேடம். இனிமே ஒண்ணையும் அசைக்க முடியாது."

முதல் பாட்டே டூயட். கருவிகள் எதுவும் ஓங்கி ஒலிக்காமல், பெண்ணின் முணுமுணுப்பிலிருந்து தொடங்கும் பாட்டு. அது முடியும் இடத்தில் ஆண் பல்லவியை எடுக்க வேண்டும். ஒலிபெருக்கிகள் ரசிகர்களை நோக்கி இருந்ததால், அவ்வளவு தூரத்திலிருந்து முணுமுணுப்பு அவருக்குக் கேட்காது. கண்ணில் விளக்கு அடிக்கும்போது உதடும் தெரியாது. இதைச் சொல்லி வேறு பாட்டை முதலில் வைக்க வேண்டுமானால் மாஸ்டரிடம் காரணம் சொல்ல வேண்டும். பத்தாண்டுகளாக இருவருக்கும் தூது போன வாய் ஒன்றுதான். அந்த வாய்க்கு மட்டும் இந்தச் செய்தி போகக் கூடாது. ஆகவே அத்தை நேராகவே போனார்.

திரைக்குப் பின்னால், ஒலிப்பெட்டிகள் அடுக்கிய இடத்தில், அச்சகத்தார் சட்டைக் கையை நீவியபடி நின்றிருந்தார். அத்தை பக்கத்தில் போய் நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அண்ணா" என்றார்.

அச்சகத்தார் திரும்பவில்லை. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, தன் மேடையை நோக்கி நடந்துபோய்விட்டார்.

அத்தைக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. இத்தனை ஆண்டு அடக்கி வைத்த சொல்லைக் கொண்டுபோய்க் கொடுத்தால் இப்படியா? இரண்டடி நடந்த பிறகுதான் பதற்றத்தில் தான் போய் நின்றது அவருடைய இடப்பக்கம் என்பது உறைத்தது. அதற்குள் திரை உயர்வதற்கான மணி அடித்துவிட்டது; அத்தை தன் மேடைக்கு விரைந்தார்.

அரங்கம் இருண்டு, அத்தையின் மேல் மட்டும் விளக்கு விழுந்தது. முணுமுணுப்பைத் தொடங்கினார். முடித்தார். எதிர்க் கோடியில் விளக்கு எரிந்தது. அச்சகத்தார் மைக்கைப் பிடித்தபடி நின்றார். வாய் திறக்கவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு, எதிர்ப்புற ஒளியில் எதையோ தேடினார். மாஸ்டர் சமாளித்து இசையை மறுபடி ஒரு சுற்றுக் கொண்டுவந்தார். அத்தையும் மறுபடி முணுமுணுத்து முடித்தார். அச்சகத்தார் அசையவில்லை. மாஸ்டரின் முகம் இறுகியதை அத்தை பார்த்தார். முதல் வரிசையில் மாமா இருக்கையின் விளிம்புக்கு வந்துவிட்டிருந்தார்.

அந்த இடத்தில் அத்தை ஆணின் வரியை எடுத்தார்.

அன்று கிடைத்த பதிவில் அந்தத் தருணத்தைப் பலமுறை கேட்டிருக்கிறேன். தயக்கம் என்று சொல்ல எதுவும் இல்லை. கட்டை குறைவான பகுதி. பெண்குரலுக்கு எட்டாத ஆழம். அத்தை அதைத் தன் குரலின் அடித்தளம்வரை போய் எடுத்துவந்து பாடினார். மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு, பாடிக்கொண்டே ஆளுயர மேடையிலிருந்து படி இறங்கினார். திட்டத்தில் இல்லாத நடை; விளக்குக்காரர் ஒரு கணம் தவித்துவிட்டு, ஒன்றையும் அசைக்க முடியாது என்று சொன்ன அதே விளக்கை அசைத்து அவர் பின்னாலேயே கொண்டுபோனார். கருவிக்காரர்களின் நடுவே புகுந்து, ஒயர்களைத் தாண்டி, மறு கோடியின் படியேறி, அச்சகத்தாரைச் சுற்றிக்கொண்டு அவருடைய வலப்பக்கம் போய் நின்றார். ஆணின் வரியை முடித்தார். மூச்சை இழுத்தார்.

அச்சகத்தார் பெண்ணின் வரியை எடுத்தார்.

பல்லவி, முதல் சரணம், இரண்டாம் சரணம் என்று கடைசிவரை மாற்றியே பாடினார்கள். காத்திருக்கும் பெண்ணின் சொற்களை அந்தக் கனத்த குரல் பாடியபோது எவரும் சிரிக்கவில்லை. 'நீ வந்துவிட்டாய்' என்ற பொருளில் ஒரு வரி வரும். அவர் அதைப் பாடும்போது அத்தையைப் பார்க்கவே இல்லை என்கிறார் மாமா. எதிரே இருட்டைப் பார்த்துக்கொண்டு, தலையை லேசாக வலப்புறம் சாய்த்துக் கேட்டபடி பாடினாராம். எந்த இடத்திலும் ஓரிழைகூடத் தாமதம் இல்லை. இதைப் பதிவை வைத்து நானும் உறுதி செய்கிறேன்.

பாட்டு முடிந்ததும் அரங்கம் எழுந்தது. தொகுப்பாளர் மூச்சு வாங்க மேடைக்கு ஓடிவந்தார்.

"அற்புதம்! ஆண் வரியைப் பெண்ணும், பெண் வரியை ஆணும்! அந்த நடை வேற! சார், இந்த யோசனை யாரோடது?"

ஏறக்குறைய அதே கேள்வி. மைக் அச்சகத்தாரின் கைக்குப் போனது. முதல் வரிசையில் மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

"யோசனை ஒண்ணும் இல்லைங்க" என்றார் அச்சகத்தார். "எனக்கு இடது காது கேக்கறதில்ல. கொஞ்ச வருஷமாச்சு. யார்கிட்டயும் சொல்லல. இன்னிக்கு எப்ப ஆரம்பிக்கணும்னே எனக்குத் தெரியல. நின்னுட்டேன். தங்கச்சி நடந்து வந்து என்னைக் கூட்டிக்கிட்டுப் போனாங்க."

அவர் மைக்கைத் திருப்பித் தரவில்லை.

"இன்னொண்ணும் சொல்லிடறேன். ரொம்ப வருஷம் முன்னாடி இதே மாதிரி ஒரு மேடையில நான் வரி மாத்திப் பாடிட்டேன். அன்னிக்கும் இவங்கதான் காப்பாத்தினாங்க. நான் என்னோட யோசனைன்னு சொல்லிக்கிட்டேன். அது பொய்."

அத்தை தன் மைக்கை உயர்த்தினார். அழுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அத்தை அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"பரவால்ல அண்ணா" என்றார். "சமாளிச்சிட்டீங்க."

அச்சகத்தார் சிரித்த சிரிப்பு மைக்கில்லாமலே கடைசி வரிசைவரை கேட்டது என்று மாஸ்டர் சொல்கிறார். அதற்குப் பிறகு அவர் புது ஆண் குரல் பற்றிய பேச்சையே எடுக்கவில்லை. தனக்கு ஏன் யாரும் சொல்லவில்லை என்று இரண்டு வாரம் முறைத்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

அச்சகத்தார் இப்போது காதில் கருவி வைத்திருக்கிறார். இருவரும் பேசுகிறார்கள், பேசுவதைவிடச் சண்டைபோடுவது அதிகம். கட்டை குறைப்பதிலிருந்து சட்டை நிறம்வரை எல்லாவற்றுக்கும் வாக்குவாதம். வாதத்தில் தோற்கும் நிலை வந்தால் அவர் கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "ஒண்ணும் கேக்கல தங்கச்சி" என்பார்.

"நீங்க பேசாம இருந்த காலத்துலதான்யா நான் நிம்மதியா டீ குடிச்சேன்" என்பார் மாமா.

மேடையில் அத்தை நிற்பது வலப்பக்கம்தான். கருவி வந்த பிறகும் இடத்தை மாற்றவில்லை. புதிய ஏற்பாட்டாளர்கள் சில நேரம், பெண் இடப்பக்கம் நின்றால்தான் படத்துக்கு அழகாக இருக்கும் என்று கேட்டுக்கொள்வார்கள். அன்று மேடையில் எல்லாம் சொல்லியாகிவிட்டது; மறைக்க இனி ஒன்றும் இல்லை. ஆனாலும் அத்தை காரணத்தை மாற்றிச் சொல்வதில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் இத்தனை ஆண்டு உழைத்தும் தனக்கு ஒரு கண்ணாடி தேவைப்படாத என் அத்தை, ஒவ்வொருவரிடமும் அதே பணிவோடு சொல்கிறார்:

"அந்தப் பக்கம் எனக்கு வெளிச்சம் கூசுங்க."